குடவோலைப் பெருமை பேசியது போதும், கணக்குக் கேட்போம்!



2025 நவம்பரில் நம் சங்கக் கூட்டத்துக்கு வந்த வெளியூர்ப் பேச்சாளர் ஒன்றரை மணி நேரம் முழங்கினார். மக்களாட்சி என்ற சொல்லையே உலகம் அறியாத காலத்தில் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டவன் தமிழன் என்றார். கைதட்டல் தொம்மலூர் மேம்பாலம் வரை கேட்டிருக்கும். நாமும்தான் தட்டினோம். கூட்டம் கலைந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைக்கும் பெரியம்மா ஒருவர் அருகில் வந்தார்.

"தம்பி, அந்தக் குடம் இருக்கட்டும். எங்க சந்துல சாக்கடை பொங்கி எட்டு நாளாச்சு. யாரைப் போய்ப் பாக்கணும்? நம்ம கவுன்சிலர் யாரு?"

நம்மில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அது நம் அறியாமை என்று நினைத்துவிடாதீர்கள். அன்று அப்படி ஒருவரே இல்லை! பெங்களூர் மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்டில். அந்த மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன் பிறகு ஐந்து முழு ஆண்டுகள், அதாவது ஒரு மாமன்றத்தின் ஆயுள் முழுவதும், இந்த ஊரை அதிகாரிகளே ஆண்டார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய குடத்துக்குக் கைதட்டத் தெரிந்த நமக்கு, நம் வார்டில் நாற்காலி காலியாகக் கிடப்பது உறைக்கவில்லை.

ஆகவே குடத்தைப் பற்றியே பேசுவோம். மேடையில் சொன்ன பாதியையும் பேசுவோம், சொல்லாத மீதியையும் பேசுவோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் அந்தக் கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று 919-ஆம் ஆண்டு, மற்றொன்று 921. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தார்கள். இன்றைய மொழியில் முப்பது வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர் பெயர்களை ஓலை நறுக்கில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். சபை முழுவதும் கூடியிருக்க, வயதில் மூத்த ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறொரு ஓலையை ஒளித்துவைத்து மாற்றிவிடக் கூடாதல்லவா! பிறகு அவர் உரக்கப் படிப்பார். கூடியிருக்கும் பெரியவர்களும் வாங்கிப் படிப்பார்கள். அப்படி வந்தவர்களிலிருந்து ஆண்டு வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பதவிக்காலம் முந்நூற்று அறுபது நாள். முந்நூற்று அறுபத்தோராம் நாள் அவர் வெறும் ஊர்க்காரர். நடுவில் குற்றம் செய்தது தெரிந்தால் அந்த நாள்கூடத் தாமதியாமல் விலக்கலாம்.

இவ்வளவும் மேடையில் வரும். நம் பேச்சாளர் விட்டது இனிமேல்தான் இருக்கிறது. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரும் போகாது. அவர் மட்டுமா? அவருடைய தகப்பன், மகன், மருமகன், மாமனார், மைத்துனன், சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று உறவுமுறை முழுவதையும் ஒவ்வொன்றாக எழுதி, இவர்கள் பெயரும் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். இந்த ஒரு விதியை இன்று கொண்டுவந்தால் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் எத்தனை கட்சி அலுவலகங்களுக்குப் பூட்டுப் போட வேண்டியிருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நம் எண்ணத்தில் உத்திரமேரூரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சீட்டுக் குலுக்குவதைக் குழந்தைகளும் செய்யும். ஊர்ப்பணத்தைத் தொட்டவன் ஊருக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாதவன் குடும்பமே ஒதுங்கி நிற்க வேண்டும் என்று எழுதியதுதான் பெரிய காரியம்.

சரி, அந்தக் குடத்துக்குள் யார் யார் பெயர் போனது? பேச்சாளர் வாய் திறக்காத இடம் இதுவே. கால் வேலி வரி கட்டும் நிலம் சொந்தமாக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். அதில் கூடுதலாகத் தேர்ந்தவரென்றால் அரைக்கால் வேலி நிலம் போதும் என்று ஒரு சலுகை. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். அங்கே உழுதவன் பெயர் குடத்தில் இல்லை. அந்தக் குடத்தை வனைந்த குயவன் பெயர் குடத்தில் இல்லை. பெண் ஒருத்தியின் பெயரும் இல்லை. சோழன் காலத்து ஊர் எப்படிப் பிரிந்து கிடந்தது என்பதற்கு இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டே சாட்சி. அதில் பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் தனித்தனியாகவே எழுதியிருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்தச் சேரிகளிலிருந்து புறப்பட்டுப் பெங்களூர் வந்து சேர்ந்தவர்கள்? 'என் முப்பாட்டன் ஓலை போட்டான்' என்று நாம் மார்தட்டினால், முப்பாட்டனே சிரிப்பான். அவனை அந்த மண்டபத்து வாசலில்கூட நிற்க விட்டிருக்க மாட்டார்கள்.

இந்த ஓரவஞ்சனை தமிழனுக்கு மட்டும் உரியதன்று. உத்திரமேரூருக்கு ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டு முன்பே கிரேக்க நாட்டு ஏதென்சில் மக்களாட்சி நடந்தது. ஆகவே 'உலகிலேயே முதல்' என்ற பேச்சும் நிற்காது. அங்கேயும் சீட்டுக் குலுக்கித்தான் பெரும்பாலான பதவிகள். அங்கேயும் பதவி முடிந்தால் கணக்குக் காட்ட வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு ஊர்கள் ஒரே மருந்தைக் கண்டுபிடித்திருக்கின்றன பாருங்கள்! ஆனால் அங்கேயும் பெண்ணுக்கு வாக்கில்லை, அடிமைக்கு வாக்கில்லை. வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்தவனுக்கும் இல்லை. பிழைக்க வந்தவன் ஆண்டுதோறும் தலைவரி கட்டுவான், போர் வந்தால் படைக்குப் போவான், சபைக்கு மட்டும் போக முடியாது. அரசியல் பற்றி உலகமே படிக்கும் நூல் எழுதிய அரிஸ்டாட்டில் ஏதென்சில் அப்படி வந்து குடியேறியவர்தான். அவருக்கே அந்த ஊரில் ஓட்டுக் கிடையாது. நம் கதையைப் போல இருக்கிறதா, இல்லையா?

கன்னடத் தோழர்கள் பசவண்ணரின் அனுபவ மண்டபத்தைச் சொல்வார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாண நகரத்தில், அல்லமப் பிரபு தலைமையில், அக்கமகாதேவி என்ற பெண்ணும் தோல் தொழில் செய்தவர்களும் சமமாக அமர்ந்து பேசினார்கள் என்பது சரண மரபு. அந்த மண்டபம் வரி வாங்கவில்லை, ஏரி வெட்டவில்லை. அது ஆட்சி மன்றமன்று. ஆனாலும் யார் உள்ளே உட்காரலாம் என்ற கேள்வியில் அது உத்திரமேரூரைத் தாண்டிச் சென்றது. இதை ஒப்புக்கொள்வதால் தமிழனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

இந்த மைசூர் நாட்டிலேயே 1881-இல் பிரஜாப்பிரதிநிதி சபை கூடியது. இந்தியச் சமஸ்தானங்களில் அப்படிப்பட்ட சபை அதுதான் முதல். அமைத்தவர் திவான் ரங்காச்சார்லு. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்து இங்கே வேலைக்கு வந்தவர். உத்திரமேரூரும் அந்த மாவட்டத்தில் இருந்த ஊர்தான். முதல் சபைக்கு வந்தவர்கள் 144 பேர், நிலக்காரர்களும் வியாபாரிகளும். குறை சொல்லலாம், சட்டம் செய்ய முடியாது. இங்கிலாந்தில் 1838-இல் தொழிலாளர்கள் சாசனம் எழுதி ஆறு கோரிக்கை வைத்தார்கள். சொத்து இல்லாதவனும் உறுப்பினராகலாம் என்பது ஒன்று, உறுப்பினருக்குச் சம்பளம் வேண்டும் என்பது இன்னொன்று. கூலிக்காரன் சபையில் போய் உட்கார்ந்தால் அன்றைய கூலி போய்விடுமே, வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? அந்தச் சம்பளம் வந்து சேர 1911 ஆயிற்று.

நம் நாட்டில் வெள்ளைக்காரன் கொடுத்த 1935 சட்டத்திலும் சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் வாக்கு. 1950-இல் நம் அரசியல் சட்டம் அந்தச் சுவரை ஒரே அடியில் இடித்தது. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு! 1951-52 தேர்தலுக்கு எழுதிய பட்டியலில் 17 கோடிக்கு மேற்பட்ட பெயர்கள். அப்போதும் ஒரு சங்கடம் வந்தது. வடக்கே லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றே எழுதச் சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலில் சேராமலே போனார்கள். கொடுமை என்று சிலர் சொல்வர். நம் கருத்து வேறு. தன் பெயரில் எழுதப்படாத வாக்கு அவளுடைய வாக்காக இருந்திருக்காது. அடுத்த தேர்தலுக்குள் அந்தப் பெண்களில் மிகப் பலர் தங்கள் பெயரைச் சொல்லியே சேர்ந்தார்கள்.

பட்டியல், பட்டியல் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். பத்தாவதோடு படிப்பை முடித்து ரயில்வேயில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்த நமக்குப் பட்டியலின் அருமை தெரியும். சார்ட்டில் பெயர் இல்லாதவன் ரயில்வே மந்திரிக்குத் தம்பி என்றாலும் அந்தப் படுக்கை அவனுக்கில்லை. மக்களாட்சியிலும் முதல் சண்டை, பட்டியலில் யார் பெயர் என்பதுதான். எழுதிய பெயரை அடித்துவிட்டால் என்ன நடக்கும்? இலங்கையைப் பாருங்கள்.

இலங்கையில் 1931-லேயே வயது வந்தோர் வாக்குரிமை வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்துத் தமிழர்கள் 1947 தேர்தலில் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரசின் ஏழு பேர் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். மறு ஆண்டே, 1948-இல், குடியுரிமைச் சட்டம். அதற்கடுத்த ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தம். லட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். கவனியுங்கள்: படை வரவில்லை, மன்னன் ஆணையிடவில்லை, தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் முறைப்படி கை தூக்கிப் பெரும்பான்மையால் செய்த வேலை இது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாக்கில்லாதவனை எவன் கேட்பான்? அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நம் கர்நாடகத்திலேயே, சுள்ளியா, புத்தூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டினார்கள்.

இப்போது நம் வார்டுக்கு வருவோம்.

1992-இல் நிறைவேறிய 74-ஆவது திருத்தம் நகராட்சிக்கு ஐந்தாண்டு என்று எல்லை கட்டியது. அந்தக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும். இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள். பெங்களூரில் என்ன நடந்தது? 2006 நவம்பரிலிருந்து 2010 வரை ஒரு முறை மாமன்றம் இல்லை. 2020-க்குப் பிறகு மறுபடியும் இல்லை. வார்டுகள் 198 என்றார்கள், 243 என்றார்கள், 225 என்றார்கள், 2025-இல் ஊரை ஐந்து மாநகராட்சியாக வெட்டி 369 என்றார்கள். எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது, உறுப்பினர் மட்டும் வரவில்லை. பா.ஜ.க. ஆண்டபோதும் இதே கதை, காங்கிரஸ் ஆண்டபோதும் இதே கதை. 2025 மார்ச்சில் ஏறத்தாழ 19,900 கோடி ரூபாய்க்கு மாநகராட்சியின் வரவு செலவுத் திட்டம் போட்டார்கள். போட்டதும் அதிகாரிகள், ஒப்புக்கொண்டதும் அதிகாரிகள். உத்திரமேரூரில் ஏரிக்கு ஆறு பேர் வாரியம் இருந்தது. இங்கே தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பஸ் நிலையம் ஆயிற்று, சம்பங்கி ஏரி விளையாட்டரங்கம் ஆயிற்று, நமக்குப் பக்கத்துச் செல்லகட்டா ஏரியில் கோல்ப் ஆடுகிறார்கள்.

'கன்னட அரசு தமிழன் ஓட்டைப் பறிக்கிறது' என்று இதற்குச் சாயம் பூச ஆட்கள் வருவார்கள். ஏமாறாதீர்கள். அந்த ஐந்து ஆண்டும் நம் தெருக் கன்னடத் தொழிலாளிக்கும் கவுன்சிலர் இல்லை. நம் தாய்த் தமிழகம் மட்டும் யோக்கியமா? இந்தியாவிலேயே பழமையான சென்னை மாநகராட்சியில் 1973-இல் கலைத்த மாமன்றத்துக்கு 1996-இல்தான் தேர்தல். 2016-இல் காலம் முடிந்த பிறகு 2022 வரை மீண்டும் இல்லை. ரயில்வேயில் தொழிற்சங்க அங்கீகாரத்துக்கு ரகசிய வாக்கெடுப்பு 2013-இல் நடந்தது. அடுத்தது 2024 டிசம்பரில். நாற்காலியில் இருப்பவனுக்குத் தேர்தல் கசக்கும், எந்த மொழிக்காரனானாலும்.

'கவுன்சிலர்கள் இருந்தபோது மட்டும் என்ன கிழித்தார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2013 ஜனவரியில், மாமன்றம் முழுசாக இருந்தபோதே, பக்கத்து ஈஜிபுரத்தில் ஏழைகள் குடியிருப்பை மாநகராட்சி புல்டோசர் வைத்து இடித்தது; ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. ஓட்டைப் போட்டுவிட்டு ஐந்தாண்டு வீட்டில் படுத்துக்கொண்டால் நடப்பது அதுதான். உத்திரமேரூர்க்காரன் ஓலை எடுத்ததோடு எழுந்து போகவில்லை, கணக்கு வரும்வரை விடவில்லை. கவுன்சிலர் இருந்தால் கழுத்தைப் பிடித்துக் கேட்க ஒரு கழுத்தாவது இருக்கும். அதிகாரியிடம் போனால் 'மேலிடத்து உத்தரவு' என்பார், மறு மாதம் மாற்றலாகிப் போவார்.

அரசைத் திட்டியாயிற்று. இனி நம்மைத் திட்டிக்கொள்வோம். நம் வீடுகளில் பாதிப்பேரின் ஓட்டு எங்கே இருக்கிறது? திருவண்ணாமலையில், வேலூரில், கிருட்டிணகிரியில், தருமபுரியில். சட்டசபைத் தேர்தலுக்கு வேன் வருகிறது, ஏறிப் போகிறோம், கவரை வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். தண்ணீர் பிடிப்பது இங்கே, பிள்ளை படிப்பது இங்கே, சாக்கடை பொங்குவது இங்கே, ஓட்டு மட்டும் அங்கே. இதற்கு ஒரு காரணம் பயம் என்பது நமக்குத் தெரியும். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது கையில் கிடைத்த மூட்டையோடு ரயில் ஏறிய குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. அதைப் பார்த்தவர்கள், ஊரில் ஒரு காலை வைத்திருப்போம் என்று நினைத்ததில் குற்றமில்லை. ஆனால் முப்பது ஆண்டுக்கு மேல் ஒற்றைக் காலில் நின்றதால் என்ன கிடைத்தது? 2025 டிசம்பரில் தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் வந்தது. நீக்கிய பெயர்கள் 97 லட்சத்துக்கு மேல். அவற்றில் பெரும்பகுதி, வீடு மாறிப் போனவர்கள் என்ற காரணத்தால். அங்கேயும் பெயர் போய், இங்கேயும் எழுதாமல் இருந்தால் நாம் எந்தப் பட்டியலில் இருக்கிறோம்?

சிலர் தொம்மலூர்ச் சொக்கநாதசுவாமி கோயிலைக் காட்டுவார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, ஊருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றே பெயர் இருந்தது, நாம் வந்தேறிகள் இல்லை என்பார்கள். கல்வெட்டு உண்மை, பார்த்தால் மகிழ்ச்சிதான். ஆனால் கோயிலுக்குக் கதவுநிலை கொடுத்தவர் பெயரும் நிலம் கொடுத்தவர் பெயரும்தான் அதில் இருக்கின்றன; அந்த நிலத்தை உழுதவன் பெயர் இல்லை. வாக்காளர் பட்டியல் எழுத வருகிற ஊழியரிடம் ஓய்சள மன்னன் கல்வெட்டைக் காட்ட முடியாது. வீட்டு விலாசம் உள்ள ஒரு தாள் வேண்டும்.

சங்கம் செய்யப்போவது இது. வரும் இரண்டாவது, நான்காவது ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணியிலிருந்து சங்க அறையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். ஊரில் பெயர் இருப்பவர்கள் விலாசம் மாற்றப் படிவம் 8. புதிதாகச் சேர்பவர்கள், பதினெட்டு முடிந்த பிள்ளைகள், படிவம் 6. இந்த வீட்டு விலாசத்தோடு ஆதார், வங்கிப் புத்தகம், காஸ் ரசீது ஏதாவது ஒன்று கொண்டுவாருங்கள். இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை; அதை மறைத்துப் பொய் எழுதினால் தண்டனை உண்டு. பெண்கள் தாங்களே வந்து தங்கள் பெயரை எழுதிக்கொள்ளட்டும். படிவம் நிரப்ப, கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் நாலு பேர் உதவிக்கு இருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. கணக்கைப் பற்றி இவ்வளவு எழுதியவர்கள் நம் சங்கத்தில் என்ன செய்தோம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு இரண்டு ஆண்டு நாம் பொதுக்குழுவில் கணக்கு வாசிக்கவே இல்லை. பொறுப்பிலும் பல காலமாக அதே முகங்கள், இதை எழுதுபவர் முகமும் சேர்த்து. வரும் பொதுக்குழுவில் அந்த இரண்டு ஆண்டு வரவு செலவும் ரசீதுகளோடு மேசைமேல் இருக்கும். மூன்றாண்டுக்கு மேல் பொறுப்பில் இருந்தவர்கள் இம்முறை நிற்கப்போவதில்லை. சாக்கடை பற்றிக் கேட்ட பெரியம்மாவைத் தணிக்கைக் குழுவுக்கு வரச் சொல்லியிருக்கிறோம். "எனக்குப் படிக்கத் தெரியாதே தம்பி" என்றார். ரசீதை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டுவதாகச் சொன்னோம். "அப்ப சரி, சத்தமாப் படிக்கணும்" என்றார்.